நிற்கும் விமானத்துக்கும் தீனி

அமெரிக்காவில் மாதச் சம்பளக்காரர் ஒருவர் சொந்தமாக விமானம் வாங்க முடியும். கோடீஸ்வரர்களின் ஜெட் அல்ல. நான்கு பேர் உட்காரக்கூடிய, மூக்கில் ஒரே ஒரு இன்ஜின் வைத்த குட்டி விமானம். செஸ்னா 172 என்ற ரகம் இதற்கு நல்ல உதாரணம். புதிதாக வாங்கினால் 4 லட்சம் டாலருக்கு மேல் ஆகிறது. ஆனால் 1970களில் தயாரான அதே ரக விமானத்தை, பறக்கும் நிலையில், அந்த விலையில் நான்கில் ஒரு பங்குக்கோ அதற்கும் குறைவாகவோ வாங்கிவிடலாம். பழையதும் புதியதும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். வேகத்திலும் பெரிய வித்தியாசம் கிடையாது. பிறகு எதற்காகப் புதியதை வாங்க வேண்டும்?

பழைய விமானம் வாங்கும் பலரும் போடுகிற கணக்கு இதுதான். இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. வாங்கும் விலை மட்டுமே பழைய விலை; பராமரிப்பதெல்லாம் புதிய விலை. மெக்கானிக் கேட்கும் கூலி விமானத்தின் வயதைப் பார்த்துக் குறைவதில்லை. இன்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்கும் செலவு ஐம்பது வயது விமானத்துக்கும் ஐந்து வயது விமானத்துக்கும் ஒன்றுதான். யானையை மலிவாக வாங்கிவிடலாம், கட்டித் தீனி போடுவதுதான் பாடு என்பார்கள். இந்த யானை சும்மா நின்றாலும் தின்னும். சொல்லப்போனால், சும்மா நிற்கும்போதுதான் அதிகம் தின்னும்.

இவ்வளவு பழைய விமானங்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கு ஒரு பின்னணி உண்டு. செஸ்னா 172 விற்பனைக்கு வந்தது 1956இல். இதுவரை 44,000க்கும் மேல் தயாராகியிருக்கின்றன. உலகில் வேறெந்த விமான ரகமும் இந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. 1978இல் அமெரிக்கத் தொழிற்சாலைகள் எல்லாமாகச் சேர்ந்து ஏறக்குறைய 18,000 சிறு விமானங்களைத் தயாரித்தன. 1994இல் அந்த எண்ணிக்கை ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது. இடையில் பொருளாதாரம் தளர்ந்தது, வட்டி ஏறியது. அவற்றோடு நீதிமன்ற வழக்குகளும் சேர்ந்துகொண்டன. இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன்பு விற்ற விமானம் விழுந்தாலும் தயாரித்த நிறுவனத்தின் மீது நஷ்டஈடு வழக்கு வந்தது. காப்பீட்டுச் செலவு ஏறிக்கொண்டே போக, 1986இல் செஸ்னா தனது ஒற்றை இன்ஜின் பிஸ்டன் விமானங்களின் தயாரிப்பையே நிறுத்தியது.

1994 ஆகஸ்டில் அதிபர் கிளின்டன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். சிறு விமானம் ஒன்று விற்பனையாகி 18 ஆண்டுகள் கடந்துவிட்டால், அதன் தயாரிப்பாளர் மீது பொதுவாக நஷ்டஈடு வழக்குத் தொடர முடியாது என்றது அந்தச் சட்டம். அதன் பிறகு செஸ்னா கான்சாஸ் மாநிலத்தில் இன்டிபென்டன்ஸ் என்ற ஊரில் புதிய தொழிற்சாலை அமைத்து மீண்டும் தயாரிப்பில் இறங்கியது. தொழில் பிழைத்தது. ஆனால் சட்டத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். தயாரித்தவரின் பொறுப்புக்கு 18 ஆண்டு என்று கெடு வைத்தாயிற்று. உரிமையாளரின் பொறுப்புக்கு அப்படி ஒரு கெடுவே இல்லை.

இது வெறும் வார்த்தை அல்ல. விமானத்தைப் பறக்கத் தகுந்த நிலையில் வைத்திருக்கும் முதன்மைப் பொறுப்பு அதன் உரிமையாளரையோ அதை இயக்குபவரையோ சேர்ந்தது என்று அமெரிக்க விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. மெக்கானிக் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதால் அந்தப் பொறுப்பு இடம் மாறிவிடாது.

இத்தனை ஆண்டு ஆனதும் ஒதுக்கிவிட வேண்டும் என்று இந்த விமானங்களுக்குச் சட்டம் வயது வரம்பு எதையும் விதிக்கவில்லை. பதிலாக, 12 மாதங்களுக்கு ஒருமுறை முழுச் சோதனை. அதற்கென்று தனி அனுமதி பெற்ற மெக்கானிக் விமானத்தின் மூடிகளையெல்லாம் திறந்து, இன்ஜின் சிலிண்டர்களில் அழுத்தம் பார்த்து, கட்டுப்பாட்டுக் கம்பிகளைத் தடவிப் பார்த்து, 'பறக்கத் தகுந்தது' என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து இருந்தால் 1956 விமானமும் பறக்கலாம். அது இல்லையென்றால் போன வருட விமானமும் தரையிலேயே நிற்க வேண்டும்.

சோதனைக்கு என்று மெக்கானிக் வாங்கும் கட்டணம் ஓரளவு தெரிந்த தொகை. சோதனையில் என்ன கிளம்பும் என்பதுதான் தெரியாத தொகை. பழைய வீட்டில் ஒரு ஓட்டை மாற்றப்போய்க் கைமரம் உளுத்திருப்பது தெரிவதுபோல, ஒரு மூடியைத் திறந்தால் அடுத்த செலவு உள்ளே காத்திருக்கும். விரிசல் விட்ட புகைக்குழாய், இற்றுப்போன ரப்பர் குழாய், தேய்ந்த சக்கர பேரிங். ஒவ்வொன்றும் சின்னதுதான். ஆனால் விமானத்தில் பொருத்தும் பொருள் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். காரில் இருப்பதைப் போலவே தோன்றும் ஆல்டர்னேட்டர்கூட விமானத்துக்கு என்று சான்றிதழோடு வரும்போது விலை பல மடங்கு ஏறிவிடும். கூடுதல் பணம் பொருளுக்காக மட்டும் அல்ல, அதோடு வரும் காகிதத்துக்காகவும்.

காகிதம் விமானத்தின் இன்னொரு பாதி. ஒரு ரகத்தில் ஆபத்தான குறை தெரியவந்தால், அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை அந்த ரகத்து உரிமையாளர்கள் எல்லோருக்கும் கட்டாய உத்தரவு போடும். ஐம்பது ஆண்டுகளில் வந்த அத்தகைய உத்தரவுகள் ஒவ்வொன்றும் நிறைவேற்றப்பட்டதற்குப் பதிவேட்டில் ஆதாரம் இருக்க வேண்டும். பதிவேடு தொலைந்த விமானத்தின் விலை சட்டென்று விழுந்துவிடுகிறது.

இந்த உத்தரவுகளுக்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன. செஸ்னா விமானங்களில் விமானியின் இருக்கை இரண்டு தண்டவாளங்களின் மேல் முன்னும் பின்னும் நகரும். தண்டவாளத்தில் உள்ள துளையில் ஒரு சிறு ஊசி இறங்கி இருக்கையைப் பிடித்துக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் தேய்ந்து துளைகள் அகன்றுவிட்டால் ஊசி சரியாகப் பிடிக்காது. விமானம் தரையைவிட்டு மூக்கைத் தூக்கும் நேரத்தில் இருக்கை சறுக்கிப் பின்னால் போகும். பிடிமானத்துக்காகக் கையில் இருக்கும் சுக்கானையே இழுப்பார் விமானி. மூக்கு இன்னும் மேலே போகும், இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும், விமானம் விழும். இப்படி விபத்துகள் நடந்த பிறகு 1987இல் உத்தரவு வந்தது. 2011இல் அது புதுப்பிக்கப்பட்டது. துளைகள் எவ்வளவு அகன்றிருக்கின்றன, ஊசி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று குறித்த காலத்தில் அளந்து பார்க்க வேண்டும். பார்க்க அற்பமான தண்டவாளம். அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடத் தூண்டும் செலவு. அதில்தான் ஆபத்து இருக்கிறது.

வயது என்பதை வருடத்தில் மட்டும் அளக்க முடியாது என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2018 ஏப்ரலில் ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சில், பயிற்சியில் இருந்த பைப்பர் ரக விமானம் ஒன்றின் இறக்கை வானத்திலேயே கழன்று விழுந்தது. இருவர் இறந்தார்கள். இறக்கையைத் தாங்கும் உத்தரத்தில் உலோகச் சோர்வால் விரிசல் விழுந்திருந்தது. விமானத்தின் வயது 11 ஆண்டுதான். ஆனால் பயிற்சிப் பள்ளியில் ஓயாமல் உழைத்து 7,600 மணி நேரத்துக்கு மேல் பறந்திருந்தது. அதன் விளைவாக அதே வடிவமைப்பைக் கொண்ட, பல மணி நேரம் பறந்த பைப்பர் விமானங்களின் இறக்கை போல்ட் துளைகளை மின்சுழல் முறையில் சோதிக்க வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. கண்ணுக்குத் தெரியாத விரிசலைத் தேடும் சோதனை இது. ஒன்றும் கிடைக்காவிட்டாலும் செலவு செலவுதான்.

அதிகம் பறந்தால் உலோகம் சோர்ந்துபோகும். அப்படியானால் குறைவாகப் பறப்பது நல்லதல்லவா? சொந்தக்காரர்கள் பலர் ஏமாறுவது இங்கேதான்.

அந்த ஆண்டுகளில் வந்த செஸ்னா 172களில் பெரும்பாலும் லைகமிங் நிறுவனத்தின் இன்ஜின் இருக்கும். அதில் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் இன்ஜினின் மேல்பகுதியில் அமைந்திருக்கிறது. விமானம் வாரக்கணக்கில் நின்றால் அதன் மேல் படிந்திருந்த எண்ணெய் முழுவதும் கீழே வடிந்துவிடும். வெற்று இரும்பில் ஈரம் படிந்து துரு ஏறும். அடுத்த முறை கிளப்பும்போது அந்தத் துரு அரத்தைப்போல் உலோகத்தைத் தேய்க்கும். சும்மா தரையிலேயே பத்து நிமிடம் இன்ஜினை ஓட்டி வைத்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அதில் கெடுதல்தான் அதிகம். இன்ஜின் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. எண்ணெய் போதுமான அளவு சூடாகாவிட்டால் அந்த நீர் வெளியேறாமல் எண்ணெயிலேயே தங்கிவிடும். மாதத்துக்கு ஒருமுறையாவது ஒரு மணி நேரம் தொடர்ந்து, எண்ணெய் சுமார் 75 டிகிரி செல்சியசைத் தாண்டும்படி பறக்க வேண்டும் என்பது தயாரிப்பாளரின் அறிவுரை. இந்த இன்ஜினை 2,000 மணி நேரம் ஓடியதும் அல்லது 12 ஆண்டு ஆனதும் பிரித்துப் புதுப்பிக்கும்படி நிறுவனம் பரிந்துரைக்கிறது. சொந்த உபயோக விமானத்துக்கு இது கட்டாயம் இல்லை. ஆனாலும் அந்தப் பரிந்துரையில் மணிக்கணக்கோடு வருடக்கணக்கும் ஏன் சேர்ந்திருக்கிறது என்பது இப்போது புரியும்.

பணக்கணக்கிலும் இதே கதைதான். ஓர் உத்தேசக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். நிறுத்துமிடத்துக்கு ஆண்டுக்கு 1,500 டாலர், காப்பீடு 1,500, வருடாந்திரச் சோதனையும் அதில் கிளம்பும் பழுதுகளும் 4,000, மற்ற சில்லறைச் செலவுகள் 1,000 என்று வைத்துக்கொண்டால், விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் ஆண்டுக்கு 8,000 டாலர். பறக்கும்போது மணிக்குச் சுமார் 8 கேலன், அதாவது 30 லிட்டர் பெட்ரோல். கேலன் 6 டாலர் என்றால் 48 டாலர். எண்ணெய் மாற்றவும், 2,000 மணி நேரத்துக்குப் பிறகு வரப்போகும் இன்ஜின் செலவுக்கு இப்போதே ஒதுக்கி வைக்கவும் மணிக்கு இன்னொரு 22 டாலர். ஆக, மணிக்கு 70.

ஆண்டுக்கு 100 மணி நேரம் பறப்பவருக்கு நிலையான செலவு மணிக்கு 80 டாலராகப் பிரியும். மொத்தம் 150. இதே ரக விமானத்தை வாடகைக்கு எடுத்தாலும் கிட்டத்தட்ட அதே தொகையோ சற்றுக் கூடுதலோ ஆகும். ஆண்டுக்கு 30 மணி நேரம் மட்டுமே பறப்பவருக்கு ஒரு மணி நேரம் 337 டாலர். ஊருக்கு ஊர் தொகை மாறலாம், கணக்கின் போக்கு மாறாது. சிக்கனம் என்று பறப்பதைக் குறைக்கும் உரிமையாளர் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கூடுதலாகக் கொடுக்கிறார். கூடவே இன்ஜினையும் துருவுக்குக் கொடுக்கிறார். அந்த இன்ஜினைப் புதுப்பிக்க இன்று 30,000 டாலருக்கு மேல் ஆகிறது.

அதற்காக எதற்கெடுத்தாலும் பிரித்து மேய்வதும் தீர்வு அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையில் நீர்மூழ்கிக் கப்பல்களை வேட்டையாடிய விமானங்களின் பழுதுக் கணக்கை வாடிங்டன் என்ற உயிரியல் விஞ்ஞானி ஆராய்ந்தார். 50 மணி நேரத்துக்கு ஒருமுறை நடக்கும் சோதனைக்குப் பிறகு பழுதுகள் குறையும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் கண்டதோ தலைகீழ். சோதனை முடிந்த உடனேயே பழுதுகள் கூடின. தேவையில்லாமல் கை வைத்ததால் வந்த வினை அது. பார்ப்பது வேறு, பிரிப்பது வேறு என்பதே அதில் உள்ள பாடம். அதனால்தான் இன்று நல்ல மெக்கானிக்குகள் எண்ணெய் வடிகட்டியை வெட்டி உள்ளே உலோகத் தூள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், எண்ணெயை ஆய்வுக்கு அனுப்புகிறார்கள், சிலிண்டருக்குள் சிறு கேமராவை விட்டு வால்வைப் பார்க்கிறார்கள். அறிகுறி தென்பட்ட பிறகே ஸ்பேனரைத் தொடுகிறார்கள்.

பறப்பதற்கான செலவு விமானத்துக்குள்ளிருந்து மட்டும் வருவதில்லை. 2020 ஜனவரி 1 முதல், பெரிய விமான நிலையங்களைச் சுற்றிய வான்பகுதிகளில் பறக்க, தன் இருப்பிடத்தைத் தானே அறிவித்துக்கொண்டே போகும் ஏடிஎஸ்-பி கருவி அமெரிக்காவில் கட்டாயம் ஆயிற்று. ஐம்பது வயது விமானத்துக்கு வயதுச் சலுகை எதுவும் கிடைக்கவில்லை. அடுத்த கேள்வி பெட்ரோல். கார்களுக்கு ஈயம் கலந்த பெட்ரோல் விற்பது அமெரிக்காவில் 1996இலும் இந்தியாவில் 2000இலும் நின்றுபோனது. பிஸ்டன் விமானங்களின் 100எல்எல் பெட்ரோலில் மட்டும் ஈயம் இன்னும் இருக்கிறது. அதில் வரும் ஈயப்புகை மக்கள் நலனுக்கு ஆபத்து என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு 2023 அக்டோபரில் அதிகாரபூர்வமாக முடிவு செய்தது. 2030க்குள் ஈயத்தை ஒழிப்பது அங்குள்ள அரசும் தொழில்துறையும் வைத்திருக்கும் இலக்கு. விமான நிலையத்தை ஒட்டி வாழும் குழந்தைகளின் மூளையை நினைத்தால் அதை ஒருவரும் மறுக்க முடியாது. மாற்று பெட்ரோலின் விலை எவ்வளவு, அது எல்லா ஊரிலும் கிடைக்குமா என்பதுதான் உரிமையாளரின் கவலை.

இந்தியாவில் இந்தக் கவலை குறைவு, காரணம் விமானங்களே குறைவு. இங்கே சிறு விமானம் என்றால் பெரும்பாலும் பயிற்சிப் பள்ளியின் சொத்து அல்லது ஃபிளையிங் கிளப்பின் சொத்து. அமெரிக்காவின் ஏரோன்கா சீஃப் விமானத்தை ஒட்டி இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் உருவாக்கிய புஷ்பக் 1958இல் முதன்முதலாகப் பறந்தது. பல தலைமுறை விமானிகள் கிளப்புகளில் அதில்தான் கற்றார்கள். பழைய விமானத்தைப் பேணிக் காத்தால் என்ன செய்யலாம் என்று காட்டியவர் ஜே.ஆர்.டி. டாட்டா. 1932இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்த பயணத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவில், 1982 அக்டோபரில், தனது 78ஆம் வயதில் அதே பாதையில் மீண்டும் பறந்தார். அவர் ஓட்டி வந்த லெபர்ட் மாத் 1930களின் தயாரிப்பு. விமான பெட்ரோலுக்கு வெளிநாட்டையே நம்பியிருந்த இந்தியா, 2022இல்தான் இந்தியன் ஆயிலின் குஜராத் சுத்திகரிப்பு ஆலையில் அதைத் தயாரிக்கத் தொடங்கியது. ஈயத்தை ஒழிக்கும் கேள்வி இங்கேயும் வந்தே தீரும்.

அமெரிக்க உரிமையாளர்கள் செலவைச் சமாளிக்கக் கண்ட வழிகள் சில உண்டு. முதலாவது, பங்கு போட்டு வாங்குவது. மூன்று, நான்கு பேர் சேர்ந்தால் நிலையான செலவு பிரிந்துவிடும், விமானமும் அடிக்கடி பறக்கும். துருவுக்கும் பணத்துக்கும் ஒரே மருந்து. இரண்டாவது, எண்ணெய் மாற்றுவது, ஸ்பார்க் பிளக்கைச் சுத்தம் செய்வது, டயர் மாற்றுவது போன்ற சில வேலைகளை, விமானி உரிமம் உள்ள உரிமையாளர் தன் கையாலேயே செய்துகொள்ள விதி அனுமதிக்கிறது. கை கறுத்தால் பணம் மிச்சம். அதைவிட முக்கியம், தன் விமானத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். மூன்றாவது, வாங்கும் முன்பே விற்பவரோடு சம்பந்தம் இல்லாத மெக்கானிக்கை வைத்துச் சோதிப்பது. புதுப் பெயிண்டும் தோல் இருக்கையும் இறக்கைக்குள் இருக்கும் துருவைக் காட்டாது.

இவ்வளவும் செய்து, மாதாமாதம் பணம் ஒதுக்கி, விடாமல் பறப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை பழைய விமானம் நல்ல விமானம். அது எப்படி வயதாகும், எங்கே விரியும் என்பதை ஐம்பது ஆண்டு அனுபவம் ஏற்கனவே சொல்லிவிட்டது.

இன்னொரு ரகமும் உண்டு. அமெரிக்காவின் சிறு விமான நிலையங்களில் ஓரமாக, காற்றுப்போன டயரோடு, மூக்குக்குள் பறவைக்கூட்டோடு நிற்கும் விமானங்கள். அவற்றின் உரிமையாளர்கள் யாரும் விமானத்தைக் கைவிட முடிவு செய்தவர்கள் அல்ல. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டுமே முடிவு செய்தவர்கள். நிறுத்துமிட வாடகையை அவர்கள் இன்னும் கட்டிக்கொண்டிருக்கக்கூடும். இவர்களாலாவது பிறருக்கு ஆபத்து இல்லை, விமானம் தரையில் நிற்கிறது. பறக்கவும் வேண்டும், செலவையும் தள்ளிப்போட வேண்டும் என்று நினைப்பவரிடம்தான் ஆபத்து. பக்கத்து இருக்கையில் உட்காரும் மனைவிக்கோ நண்பருக்கோ பதிவேட்டில் விடுபட்ட பக்கம் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஓட்டுபவரின் முகம் மட்டுமே.

எனவே பழைய விமானம் வாங்க நினைப்பவர் விற்பவரிடம் கேட்கும் விலை இரண்டாம் பட்சம். முதல் கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். நல்ல வானிலை உள்ள ஞாயிற்றுக்கிழமை காலையில், பெட்ரோல் நிரப்பி, வீட்டார் ஏறி உட்கார்ந்த பிறகு, இருக்கையின் ஊசி சரியாகப் பிடிக்கவில்லை என்று தெரிந்தால், எல்லோரையும் இறக்கிவிட்டு, இன்று பறக்க வேண்டாம் என்று சொல்ல முடியுமா? முடியும் என்பவருக்கு ஐம்பது வயது விமானம் மலிவு. முடியாதவருக்கு அதை இலவசமாகக் கொடுத்தாலும் விலை அதிகம்.